நேற்று வரை ஓடிய வண்டி

திருப்பூருக்கு நூலாக வரும் சரக்கு, பனியனாகிப் பெட்டிக்குள் போவதற்குள் ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடும். நிட்டிங்கில் ஓட்டிய ரோல் சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து காம்பாக்டிங், அடுத்தது கட்டிங். வெட்டிய துண்டுகள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய்வந்து கடைசியில் தையலுக்கு வரும். ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு தெருவில், ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரரிடம். இத்தனையையும் சுமப்பவை குட்டி யானைகள். 2005-இல் டாடா மோட்டார்ஸ் கொண்டுவந்த ஏஸ் வண்டிக்கு நம் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் அது. ஒரு வண்டி ஒரு நாள் படுத்துக்கொண்டால் எங்கோ ஒரு பவர் டேபிள் தையல் யூனிட்டில் ஆட்கள் தைக்கத் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் காலையில் மெக்கானிக்கிடம் விட்ட வண்டி சாயங்காலத்துக்குள் திரும்பியாக வேண்டும்.

அந்த அவசரத்தில் செய்யக்கூடாத வேலை ஒன்று உண்டு என்றால் அது டைமிங் பெல்ட் மாற்றுவது. ஏஸின் முதல் எஞ்சின் 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல். 1998-இன் கடைசியில் வந்த இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிப் பிறந்தது. இரண்டிலும் முன்பக்க மூடிக்குள் பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று ஓடுகிறது. மாருதி 800, ஆம்னி, பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் ஆகியவற்றிலும் அப்படியே. அந்தப் பெல்ட்டைக் கழற்றிப் புதியது போட்டு, மூடியை முடுக்கி, சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. காலையில் தானாக ஓடிவந்த வண்டி.

மெக்கானிக்குக்கு இதைவிட எரிச்சலான நேரம் கிடையாது. ஆனால் கோளாறு கண்டுபிடிப்பவருக்கு இதைவிடச் சலுகையான நேரமும் கிடையாது. சும்மா நின்றுபோன வண்டி என்றால் பேட்டரி, பெட்ரோல் பம்ப், பிளக், வயர், எலி கடித்த இடம் என்று எங்கே வேண்டுமானாலும் தேட வேண்டும். இங்கே தேடும் இடம் இரண்டு அடிக்குள் அடங்கிவிடும். நேற்று வரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. இன்று கைபட்ட இடங்கள் மட்டும் மாறியிருக்கின்றன. அந்த இரண்டு அடியை விட்டுவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியை வண்டியின் ஓனரிடம்தான் கேட்க வேண்டும். பழைய பெல்ட்டை ஏன் மாற்றினீர்கள்? கிலோமீட்டர் ஆகிவிட்டது என்று மாற்றினீர்களா, இல்லை, ஓடும்போது அறுந்துபோய் வண்டியைக் கட்டி இழுத்து வந்தீர்களா? இரண்டும் வெவ்வேறு கதைகள். ஓட்டத்தில் அறுந்திருந்தால் கெடுதல் புதுப் பெல்ட் வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம். வால்வு வளைந்த எஞ்சினுக்கு எத்தனை ஒழுங்காகப் பெல்ட் மாட்டினாலும் உயிர் வராது. ஓடிவந்த வண்டிக்கு மாற்றியது என்றால் சந்தேகம் முழுவதும், பெல்ட் மாட்டும்போது பல் சக்கரங்களை நேராக வைக்க உதவும் மார்க் மேலும், கழற்றிப் பூட்டிய சாமான்கள் மேலும் விழும்.

அந்த மார்க் என்ன சொல்கிறது என்பதற்கு எஞ்சினின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிஸ்டன் நான்கு முறை ஓடினால் ஒரு வேலை முடிகிறது: காற்றை உள்ளே இழுக்க ஒன்று, அதை அழுத்த ஒன்று, எரிந்த வேகத்தில் கீழே இறங்க ஒன்று, புகையை வெளியே தள்ள ஒன்று. இதற்குள் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முழுச் சுற்று சுற்றியிருக்கும். வால்வுகளோ ஒரே ஒரு முறை திறந்து மூட வேண்டும். ஆகவே வால்வுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றியாக வேண்டும். கேமில் இருக்கும் பல் சக்கரத்தில் கிராங்க்கில் இருப்பதைப் போல் சரியாக இரண்டு மடங்கு பல் இருப்பது இதனால்தான். எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று வால்வுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியப்படுத்துவது அந்தப் பெல்ட் ஒன்றுதான்.

இதை வேறு எந்த ஊர்க்காரரைவிடவும் திருப்பூர்க்காரருக்குச் சொல்வது சுலபம். லாக் ஸ்டிச் மெஷினில் ஊசி ஒரு முறை இறங்கி ஏறுவதற்குள் கீழே இருக்கும் ஹூக் இரண்டு சுற்று சுற்றுகிறது. எஞ்சினில் இருக்கும் அதே ஒன்றுக்கு இரண்டு. ஊசி அடிமட்டம் தொட்டு, சுமார் 2 மில்லிமீட்டர் மேலே ஏறும் நேரத்தில் நூல் ஒரு சின்ன வளையமாக விரியும். சரியாக அந்த நொடியில் ஹூக்கின் முனை வந்து வளையத்தைப் பிடித்தால் தையல் விழும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் தையல் விடும். ரொம்ப விலகினால் முனை ஊசியிலேயே மோதி ஊசி உடையும். நிமிடத்துக்கு 5000 தையல் போடும் மெஷினில் ஹூக் 10,000 சுற்று சுற்றுகிறது. வேகத்தில் கார் எஞ்சின் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. தையல் விடுகிறது என்று டெய்லர் சொன்னதும் லைன் மெக்கானிக் மோட்டாரைத் தொடுவதில்லை. கைச்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஊசியும் ஹூக்கும் எங்கே சந்திக்கின்றன என்று குனிந்து பார்க்கிறார். ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்கும் செய்ய வேண்டியது இதேதான்.

இந்த உறவு தற்செயலாக வந்ததும் இல்லை. பல் வைத்த ரப்பர் பெல்ட்டே தையல் மெஷினுக்காகப் பிறந்ததுதான். 1940-களின் நடுவில் அமெரிக்காவில் எல்.எச். கில்மர் என்ற பெல்ட் கம்பெனியில் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் கேஸ் அதை உருவாக்கினார். முதலில் பயன்படுத்தியவர்களில் சிங்கர் தையல் மெஷின் கம்பெனிக்காரர்களும் உண்டு. ஊசியும் பாபினும் வழுக்காமல் சேர்ந்து ஓட வேண்டும். சாதாரணத் தட்டைப் பெல்ட் வழுக்கும், சங்கிலி சத்தம் போடும், எண்ணெய் கேட்கும். எண்ணெய் துணியில் பட்டால் பீஸ் போச்சு. பல் வைத்த பெல்ட் இந்த மூன்று தொல்லையையும் ஒரே அடியில் தீர்த்தது. கார்க்காரர்கள் பின்னால்தான் வந்தார்கள். கேம் ஷாஃப்ட்டைப் பெல்ட்டால் ஓட்டிப் பெருமளவில் விற்ற முதல் கார், ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி 1962-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1004. நான்கு ஆண்டுகள் கழித்து ஃபியட் இரட்டைக் கேம் எஞ்சினுக்கு அதைப் போட்ட பிறகு உலகமெல்லாம் பரவிவிட்டது.

பெல்ட்டை வெட்டிப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம் இருக்கிறது. வெளியே ரப்பர், உள்ளே இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழையை முறுக்கிய நூல். பற்களின் மேல் நைலான் துணி ஒட்டியிருக்கும். பல்லின் வளைவுக்கு ஏற்ப இழுபடுகிற துணி. ஆக, எஞ்சினுக்குள் ஓடுவதும் ஒரு விதத்தில் ஜவுளிதான். அந்தக் கண்ணாடி நூலை எல்லாம் ஒரே பக்கமாக முறுக்கினால் பெல்ட் ஓடும்போது சக்கரத்தின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்க எஸ் முறுக்கு நூல் ஒன்று, இசட் முறுக்கு நூல் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட் துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்கிறதே, அந்த ஸ்பைராலிட்டி தொல்லைக்கும் வேர் நூலின் முறுக்குதான். நிட்டிங்கில் எஸ் நூலும் இசட் நூலும் மாற்றி ஊட்டினால் குறையும் என்பதும் இங்கே தெரிந்த வித்தைதான். கண்ணாடி நூலுக்கு ஒரே பலவீனம் மடிப்பு. புதுப் பெல்ட்டை உள்புறம் வெளியாகத் திருப்பிப் பார்ப்பது, சுருட்டி டூல் பாக்ஸில் திணிப்பது, ஸ்குரூ டிரைவரால் நெம்பிச் சக்கரத்தில் ஏற்றுவது எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் உள்நூலை ஒடித்துவிடும். வெளியே ரப்பர் பளபளவென்று இருக்கும், ஆயுள் பாதியாகியிருக்கும்.

இப்போது பிடிக்காத வண்டிக்கு வருவோம். அனுபவமுள்ள மெக்கானிக் சொல்லும் முதல் வார்த்தை, "செல்ஃப் அடிக்காதீங்ணா!" எத்தனை தடவை அடித்தாலும் பல் தானாக இடம் மாறி உட்காரப் போவதில்லை. மாறாக, மார்க் தப்பியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் திறந்த வால்வின் தலையில் பிஸ்டன் இடிக்கலாம். சில பெட்ரோல் எஞ்சின்களில் இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள். அங்கே பிழை நடந்தாலும் சேதம் இருக்காது. டீசலில் அந்தத் தாராளத்துக்கு வழி இல்லை. காற்றை மிகவும் இறுக்கி அழுத்த வேண்டியிருப்பதால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இண்டிகாவும் ஏஸும் இந்த ரகம். இதைவிட மோசமானது தள்ளு ஸ்டார்ட். வண்டி நின்றால் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் நாலு பேர் ஓடிவந்து தள்ளுவது நம் ஊரின் நல்ல குணம். செகண்ட் கியரில் போட்டு கிளட்சை விட்டால், செல்ஃப் மோட்டாரைவிடப் பல மடங்கு பலத்தோடு வண்டியின் எடை முழுவதும் கிராங்க்கைச் சுற்றும். எங்கோ லேசாக முட்டிக்கொண்டு நின்றிருந்த வால்வு அத்தோடு வளைந்துவிடும். பெல்ட் மாற்றிய வண்டியைத் தள்ள வருகிறவர்களைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு இரண்டு வினாடி மட்டும் செல்ஃப் அடித்துக் கேட்கலாம், கையால் சுற்றிப் பார்த்து எங்கும் முட்டவில்லை என்று உறுதிசெய்த பிறகு. நல்ல எஞ்சினைச் செல்ஃப் சுற்றும்போது சத்தம் ஏறி இறங்கும். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தத்துக்கு வரும்போது மோட்டார் முக்கும், தாண்டியதும் வேகம் பிடிக்கும். அந்த ஏற்ற இறக்கம் இல்லாமல் தையல் மோட்டார் சும்மா ஓடுவதுபோல் ஒரே சீராக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் சிலிண்டர்களில் அழுத்தம் இல்லை என்று பொருள். மூன்று தட்டு முக்கி, நாலாவது தட்டில் வழுக்கிப் போனால் ஒரே ஒரு சிலிண்டரில் கோளாறு. முக்கல் ஒழுங்காக இருந்து, பிடிக்க மட்டும் மறுத்தால் டைமிங் பெல்ட்டைப் பெரும்பாலும் மன்னித்துவிட்டு வயர் பக்கம் போகலாம். சுற்றவே சுற்றாமல் 'டக்' என்று நின்றால் இரண்டு விஷயம்: பேட்டரியோ எர்த் வயரோ கழன்றிருக்கலாம், இல்லையென்றால் உள்ளே இரும்பும் இரும்பும் முட்டிக்கொண்டிருக்கலாம். எஞ்சின் குறுக்காக வைத்த கார்களில் பெல்ட் எடுக்க ஒரு பக்க மவுண்டிங்கைக் கழற்ற வேண்டியிருக்கும். எர்த் வயரும் அங்கேயே பூட்டியிருந்தால் திரும்ப மாட்ட மறப்பது நடக்கிற காரியம்தான்.

சத்தம் சந்தேகம் தரும், கம்ப்ரஷன் கேஜ் தீர்ப்புத் தரும். பிளக்குகளை எல்லாம் கழற்றி, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். நல்ல பெட்ரோல் எஞ்சின் பொதுவாக 150 முதல் 190 பிஎஸ்ஐ வரை காட்டும். டீசலுக்குத் தனி கேஜ் வேண்டும், அது 350-க்கு மேல் போகும். இங்கே எண்ணைவிட எண்களுக்கு நடுவே இருக்கும் ஒற்றுமை முக்கியம். எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டினால் பெல்ட் பல் தப்பி மாட்டியிருக்கிறது. ஒரு கேம் எல்லா வால்வுகளுக்கும் ஒரே அளவு தப்பை விநியோகம் செய்கிறது. ஒன்றோ இரண்டோ மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்து, மற்றவை நன்றாக இருந்தால் அந்தச் சிலிண்டர்களில் வால்வு வளைந்திருக்கிறது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால், தேவையில்லாமல் ஹெட் இறக்குவதையும், இறக்க வேண்டிய இடத்தில் மூன்று தடவை பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பதையும் தவிர்க்கலாம்.

ஒரு பல் தப்பினால் அப்படி என்ன ஆகிவிடும்? கேம் சக்கரத்தில் 40 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பல் 9 டிகிரி. கிராங்க் இரண்டு மடங்கு சுற்றுவதால் அதன் கணக்கில் 18 டிகிரி. ஒரு பல் தப்பிய வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். இழுவை இருக்காது, ஐடிலிங் தள்ளாடும், டீசல் அதிகம் குடிக்கும், ஓனர் 'பழைய மாதிரி இல்லையே' என்று ஒரு மாதம் புலம்புவார். மூன்று பல் பிந்தினால் 54 டிகிரி. பிஸ்டன் கீழே இறங்கி மேலே ஏறத் தொடங்கி 40 டிகிரி போனதும் மூட வேண்டிய இன்லெட் வால்வு 94 டிகிரி வரை திறந்தே கிடக்கும். அதற்குள் பிஸ்டன் கிட்டத்தட்டப் பாதி தூரம் ஏறிவிட்டது. உள்ளே இழுத்த காற்றில் பாதி வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. ஒன்பதுக்கு ஒன்று என்று கட்டிய எஞ்சினில் உண்மையில் நடப்பது எட்டு மடங்கு அழுத்தம். இப்போது அது ஐந்தைச் சுற்றி நிற்கும். பெட்ரோலே பற்றச் சிரமப்படும் அழுத்தம் அது. கார்புரேட்டர் வழியாகவோ ஏர் ஃபில்டர் வழியாகவோ 'டப்' என்று இருமினால், வால்வு திறந்திருக்கும்போதே ஸ்பார்க் விழுகிறது என்று அர்த்தம். டைமிங் மேல் சந்தேகம் அப்போதே பலப்பட்டுவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டிகளில் தனியாக ஒரு பொறி உண்டு. கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு வேலை செய்வதால் முதல் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வருகிறது: ஒரு முறை காற்றை அழுத்தி முடிக்கும்போது, ஒரு முறை புகையைத் தள்ளி முடிக்கும்போது. கிராங்க் புல்லியில் இருக்கும் மார்க் இரண்டுக்கும் ஒரே மாதிரி நிற்கும். எது எது என்று கிராங்க்குக்குத் தெரியாது, கேமுக்குத்தான் தெரியும். வேலைக்கு வசதியாக டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றியிருந்து, தப்பான உச்சியில் திரும்ப மாட்டினால் ரோட்டார் நேர் எதிர்த் திசையைப் பார்க்கும். கம்ப்ரஷன் அருமையாக இருக்கும், ஸ்பார்க் பளிச்சென்று வரும், பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைக்கும், வண்டி மட்டும் பிடிக்காது. முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கட்டை விரலை வைத்து அடைத்துக்கொண்டு, ஸ்பானரால் கிராங்க்கை மெல்லச் சுற்றினால் காற்று விரலைத் தள்ளும் உச்சி எது என்று தெரிந்துவிடும். பழைய மெக்கானிக்குகளின் இந்த விரல் கேஜுக்கு நிகரான கருவியை நான் இதுவரை பார்க்கவில்லை.

டீசலில் ஸ்பார்க் இல்லை. அழுத்திய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்ற வேண்டும். பழைய டீசல்களில் வால்வுகளோடு டீசல் பம்ப்பையும் அதே பெல்ட் ஓட்டுகிறது. ஆக, கிராங்க், கேம், பம்ப் என்று மூன்று மார்க். பம்ப் ஒரு பல் பிந்தினால் டீசல் தாமதமாக விழும். பிஸ்டன் இறங்கத் தொடங்கி காற்று ஆறிக்கொண்டிருக்கும். இங்கே சைலன்சர்தான் சாட்சி. செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. டைமிங்கைப் பார், அழுத்தத்தைப் பார், குளிர்ந்த எஞ்சின் என்றால் ஹீட்டர் பிளக்கைப் பார். புகையே இல்லையென்றால் டீசல் வரவே இல்லை. அப்போது மார்க்கை மறுபடி கலைக்காமல், பைப் கழற்றிய இடத்தில் காற்று ஏறிவிட்டதா, பம்ப்பின் கட் ஆஃப் சொலினாய்டு வயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும். ஏர் எடுத்தால் வண்டி பிடித்துவிடும்.

கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் வேறு ஒரு சுலபமான குற்றவாளி இருக்கிறார். கிராங்க் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சர், பல வண்டிகளில் கிராங்க் புல்லியின் ஓரத்திலேயே பல் வைத்த சின்ன வளையத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. புல்லியைக் கழற்றும்போது கடப்பாரை போட்டு நெம்பியவர் அந்த வளையத்தின் ஒரு பல்லை வளைத்திருக்கலாம். சென்சரின் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு மாட்ட மறந்திருக்கலாம். சென்சர் சிக்னல் இல்லாமல் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கும் தராது, பெட்ரோலும் தராது. ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் காட்டுகிறதா என்று பாருங்கள். செல்ஃப் சுற்றும் வேகமான 200-ஐ ஒட்டி ஏதாவது காட்டினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. பூஜ்யம் என்றால் கனெக்டரைத் தேடுங்கள். பி-0335 என்ற கோடு வந்தால் கிராங்க் சென்சர் சுற்றில் சிக்கல். பி-0340 கேம் சென்சர். பி-0016 வந்தால் இரண்டு சென்சரும் வேலை செய்கின்றன, ஆனால் அவை சொல்லும் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெல்ட் மாற்றிய அன்றைக்கு இந்தக் கடைசிக் கோடு வந்தால் சென்சர் வாங்கக் கடைக்குப் போகாமல் மூடியைக் கழற்றுவதே நல்லது. ஸ்கேனர் சொல்வது புகார்தான்; காரணத்தை அது சொல்வதில்லை.

மூடியைக் கழற்றியதும் பெரும்பாலான மெக்கானிக்குகள் சொல்வது, "மார்க் எல்லாம் கரெக்டாத்தான வெச்சேன்!" அவர் பொய் சொல்லவில்லை. மார்க் வைத்தபோது சரியாகத்தான் இருந்திருக்கும். பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் இல்லாத பக்கமாகக் கிராங்க்கிலிருந்து கேமுக்குப் போகும் பெல்ட் நீளம் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் இருக்க வேண்டும். தொய்வு தப்பான பக்கத்தில் கொஞ்சம் மிஞ்சிவிட்டால், டென்ஷனரை விட்டதும் பெல்ட் இழுபட்டு கேம் ஒரு பல் நகர்ந்துவிடும். அதற்கு மருந்து, டென்ஷனர் முடுக்கிய பிறகு கிராங்க்கை அதன் ஓடும் திசையில் ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கைத் திரும்பப் பார்ப்பது. ஒரு சுற்று போதாது. கேம் பாதிச் சுற்றில் நிற்கும். இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது. சுற்றும்போது எங்காவது கட்டியாக முட்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று, பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு மார்க்குக்கு வந்து நிற்காது. அவை மாட்டும்போது உதவ மட்டுமே. சக்கரங்களின் மார்க் சரியாக இருந்து கோடு மட்டும் தள்ளி நிற்பதைப் பார்த்துப் பதறி, நல்ல வேலையைக் கலைத்தவர்கள் உண்டு.

பழைய பெல்ட்டிலும் சக்கரங்களிலும் ஒயிட்னரால் கோடு போட்டு, பல் எண்ணிப் புதுப் பெல்ட்டுக்கு அதே கோட்டை மாற்றிப் போடும் முறை இங்கே எல்லாப் பட்டறைகளிலும் புழங்குகிறது. வேகமான முறை. பழைய பெல்ட் சரியாக ஓடிக்கொண்டிருந்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் பழையதே பல் தாவி ஓடிக்கொண்டிருந்தால், அந்தத் தப்பை அப்படியே நகல் எடுத்துப் புதுப் பெல்ட்டில் ஒட்டுகிறோம். கம்பெனி மார்க்கை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு ஒயிட்னரை எடுப்பது உத்தமம். மார்க் அத்தனையும் அச்சாகப் பொருந்தி, அழுத்தம் மட்டும் எல்லாச் சிலிண்டரிலும் குறைவாக இருந்தால், கிராங்க் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் சின்னச் சாவிக்கட்டையைச் சந்தேகிக்க வேண்டும். அது நசுங்கியோ ஒடிந்தோ இருந்தால் சக்கரம் ஒரு இடத்திலும் கிராங்க் வேறு இடத்திலும் நிற்கும். மார்க் சக்கரத்தைப் பற்றித்தான் சொல்கிறது. பிளக் ஓட்டையில் ஒரு நீளக் கம்பியை விட்டு, பிஸ்டன் உண்மையிலேயே உச்சியில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் அந்தப் பொய் வெளிப்பட்டுவிடும்.

டென்ஷனர் பேரிங்கையும், பெல்ட்டே ஓட்டும் வண்டியாக இருந்தால் வாட்டர் பம்ப்பையும் மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லாத சிக்கனம். கூலி ஒன்றுதான்; கழற்றும் வேலையும் ஒன்றுதான். மலிவு விலை பேரிங் ஒன்று சிக்கிக்கொண்டால் புதுப் பெல்ட்டும் சேர்ந்து போகும். பஞ்சுத் தூசி பறக்கும் யூனிட் வாசல்களில் நாள் முழுக்க நிற்கும் வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் மூடியை ஒரு போல்ட் விடாமல் பூட்ட வேண்டும். 60,000-இல் மாற்று, 1,00,000-இல் மாற்று என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் கிலோமீட்டர் கணக்கும் குட்டி யானைக்கு அப்படியே பொருந்தாது. லோடு ஏற்றும்போது எஞ்சினை அணைக்காமல் நிற்கும் மணி நேரங்களை எந்த மீட்டரும் எண்ணுவதில்லை, பெல்ட் எண்ணுகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிலிண்டர் பூஜ்யம் காட்டுகிறது என்றால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். இறக்குவதற்கு முன் பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுத்து, இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய உச்சியில் வைத்துக் காது கொடுத்தால், எங்கே ஒழுகுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். இறக்கிய ஹெட்டில் வளைந்த வால்வை மாற்றி, லேப்பிங் பேஸ்ட் போட்டு இருக்கையில் தேய்த்து, கைடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறைக் குழிகளில் மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வந்து பார்க்கும்போது போர்ட் காய்ந்திருந்தால் புதுக் கேஸ்கட்டோடு ஹெட் ஏறும், டார்க் ரெஞ்ச் வரிசைப்படி முடுக்கும், பெல்ட் மாட்டப்படும். அப்புறம் ஸ்பானரை எடுத்துக் கையால் இரண்டு சுற்று.